காரணத்தை முதலில் எழுதுங்கள், விலையைப் பிறகு எழுதுங்கள்

கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் வீடுகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் கட்டடப் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



அணுபுரத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் அணுசக்தித் துறைக்குச் சொந்தம். ஓதம் ஏறினாலும் ஒழுகினாலும் புகார் எழுதிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். என்ன செய்வது என்பதைத் துறை முடிவு செய்யும். ஆனால் ஓய்வு பெறும் நாளை மனதில் வைத்து எங்களில் பலர் சுற்றுவட்டாரத்தில் சொந்தமாக வீடு கட்டியிருக்கிறோம், அல்லது பழைய வீடு வாங்கியிருக்கிறோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழும்பிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. சீலிங் உப்புகிறது, சன்ஷேடு விரிகிறது, மொட்டை மாடி ஒழுகுகிறது. அப்போது உங்களைத் தேடி வருகிறோம். நீங்கள் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். இந்த மடல் அதைப் பற்றியது.

புதுப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். படுக்கையறைச் சீலிங்கில் முறம் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழுந்துவிட்டது. நல்லவேளையாக யாரும் படுத்திருக்கவில்லை. பெயர்ந்த இடத்தில் கம்பி தெரிந்தது. விரலால் தொட்டால் துரு இலை இலையாக உரிந்து வந்தது. கம்பிக்குக் கீழே கான்கிரீட் ஒரு விரல் பருமன்கூட இருந்திருக்காது. விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தாலே அது தெரிந்தது.

முதலில் வந்த கொத்தனார் சொன்னார்: "கொத்திட்டு, சிமென்ட் பால் அடிச்சு, ஒண்ணுக்கு மூணு கலவை போட்டுப் பூசிடலாங்க. ரெண்டு நாள் வேலை." அடுத்து வந்தவர் வாட்டர்புரூஃப் வேலை எடுப்பவர். மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி மேலேர்ந்து இறங்குதும்மா. மாடி முழுக்கக் கோட்டிங் அடிக்காம கீழே கை வெச்சா காசுதான் தண்டம்" என்றார். மூன்றாவதாக வந்தவர் வீடு கட்டித்தரும் பொறியாளர். "கம்பி போயிடுச்சு மேடம். இதுல பணம் போடாதீங்க. தளத்தை இடிச்சிட்டுப் புதுசா போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தொகைக்கும் கடைசித் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த வீட்டுக்கார அம்மா குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர். யாரை நம்புவது என்று தெரியாமல் அந்த மழைக்காலம் முழுக்க அறையைப் பூட்டியே வைத்திருந்தார்.

உங்களில் யாரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மூன்று பேர் பார்த்ததும் உண்மைதான். ஆனால் பழுது என்பது ஒரு சங்கிலி; அதில் ஆளுக்கொரு கண்ணியைப் பார்த்தார்கள். அந்தச் சங்கிலியை முழுதாக வைத்துப் பேசினால்தான் யார் சொன்னது எந்த அளவுக்குச் சரி என்பது விளங்கும்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. அதை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பிலிருக்கும் குளோரைடு கம்பி வரைக்கும் போய்ப் படலத்தைத் துளைப்பது இன்னொன்று. கடற்கரையில் இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. படலம் உடைந்ததும் ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு பிடிக்கிறது. துருவுக்குக் கம்பியைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். அந்த நெருக்கத்தைத் தாங்க முடியாமல்தான் கான்கிரீட் வெடித்துக் கீழே விழுகிறது. கொத்தனார் பார்த்தது இந்தக் கடைசிக் கண்ணியை. வாட்டர்புரூஃப்காரர் பார்த்தது ஈரம் என்ற கண்ணியை. பொறியாளர் பார்த்தது கம்பி இழந்த பலத்தை. நடுவிலிருக்கும் உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வங்கக் கடல் காற்று வருஷம் முழுக்க அடிக்கும் ஊரில், உப்பைச் சேர்க்காமல் சொல்லும் எந்த யோசனையும் அரைகுறை யோசனைதான்.

உப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. கட்டும்போதே உள்ளே போயிருக்கலாம். இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 456:2000, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 19,000. கடலையொட்டிய கிணறுகளிலும் போர்வெல்களிலும் உப்பு ஏறிய தண்ணீரை வைத்து எத்தனை தளங்கள் போடப்பட்டிருக்கின்றன என்பது பழைய மேஸ்திரிகளான உங்களுக்குத் தெரியாததல்ல. அதே தர நிர்ணயம், கடலோரக் காற்றுக்கு நேராக வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட்டைக் 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. அங்கே கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், குறைந்தது எம்30 தரக் கான்கிரீட் என்பது விதி. உப்புக்காற்று நேரடியாகப் படாமல் மறைவாக இருக்கும் பகுதிக்குக்கூட 30 மில்லிமீட்டர் கவரும் எம்25 தரமும் கேட்கிறது. கவர் பிளாக் வைக்காமல், கம்பிக்கு அடியில் ஜல்லிக் கல்லைச் செருகிக் கான்கிரீட் கொட்டிய காலத்து வீடுகளில் இதில் பாதிகூட இருக்காது. போதாக்குறைக்கு அந்தக் காலத்தில் போட்ட முறுக்குக் கம்பி, இப்போதைய டிஎம்டி கம்பியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

உப்பை விட்டுவிட்டுப் பழுதுபார்த்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் கண்ணால் கண்டிருப்பீர்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை போட்டால், அந்த ஒட்டு அப்படியே நிற்கும். இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் ஒட்டுக்குப் பக்கத்தில் பெயரும். வீட்டுக்காரர் உங்கள் வேலை சரியில்லை என்பார். நீங்கள் அது வேறு இடம், என் பொறுப்பில்லை என்பீர்கள். நடந்தது வேறு. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஒட்டுப் போட்ட இடத்தில் கம்பி மறுபடி காரத்துக்குள் போய்ப் பத்திரமாகிவிடுகிறது. ஆனால் அதை ஒட்டிய, உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்குள் இருக்கும் அதே கம்பி முன்னைவிட வேகமாகக் கரைகிறது. கோளாறு பூச்சு வேலையில் இல்லை. எதுவரைக்கும் கொத்துவது என்று அளந்து பார்க்காமல் முடிவு செய்ததில் இருக்கிறது.

அளந்து பார்ப்பது பெரிய காரியமும் இல்லை. சுத்தியலால் சீலிங் முழுக்கத் தட்டிக்கொண்டே போய், 'டொப்பு டொப்பு' என்று உள்ளீடற்ற சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வளைத்தால், பெயரப்போகும் பரப்பு எவ்வளவு என்பது வீட்டுக்காரர் கண்ணுக்கே தெரிந்துவிடும். அடுத்தது பினாஃப்தலீன் சோதனை. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் அந்தத் திரவத்தைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி அடர் ரோஜா நிறத்துக்கு மாறும்; காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கம்பியைச் சுற்றி நிறம் வருகிறதா, வரவில்லையா? ஒரு நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். இத்தோடு கவர் மீட்டர் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும். துளைபோட்டு எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உப்பின் அளவு தெரியும். அரைமின்கல அழுத்தச் சோதனையில், தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையை வைத்து எடுத்த அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், வெளியே விரிசல் இல்லாவிட்டாலும் உள்ளே துரு நடந்துகொண்டிருக்க நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. பல பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளும் தனியார் ஆய்வகங்களும் கட்டணம் வாங்கிக்கொண்டு இவற்றைச் செய்து தருகின்றன. தண்ணீரைச் சோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன.

இப்போது அந்தப் புதுப்பட்டினம் வீட்டுக்கு வருவோம். தட்டிப் பார்த்ததில் உள்ளீடற்ற சத்தம் குளியலறைச் சுவரை ஒட்டிய ஒரு ஓரத்தோடு நின்றுவிட்டால், தளத்தை இடிக்கச் சொன்னவரின் யோசனை தள்ளுபடியாகும். சத்தம் சீலிங்கின் நடுவரை பரவி, முக்கியக் கம்பிகள் கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால், பூச்சு போதும் என்றவரின் யோசனை தள்ளுபடியாகும். ஈரம் மாடியிலிருந்து வராமல் குளியலறைக் குழாயிலிருந்து வந்தால், மாடிக் கோட்டிங்குக்கு அவசரமே இல்லை. மூன்று யோசனைகளில் எது சரி என்பதை அனுபவமோ பேச்சுத் திறமையோ தீர்க்காது. அந்தச் சீலிங்கேதான் தீர்க்க வேண்டும். கேட்கத் தெரிந்தவர்கள் நீங்கள், கேட்டுச் சொல்லுங்கள்.

பெரிய கட்டடங்களில் தகராறு இப்படித்தான் தீர்கிறது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததும், குடிவந்தவர்கள் ஒன்று சொன்னார்கள், கட்டியவர்கள் வேறு சொன்னார்கள். கடைசியில் ஐஐடி மெட்ராஸின் கியூப் மையத்திடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில், முப்பது வயதுகூட நிரம்பாத அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைக் கண்டு பயந்து குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதுவும் கடலோர ஊர்தான். விரிசல் பட்டியும் பெயிண்டும் போட்டு மறைக்கும் விஷயமல்ல என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

நம் வட்டாரத்தில் இன்னும் பழைய பாடம் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே பெயர்ந்த இடத்தைப் பூசிவிட்டுப் போகவில்லை. அரிப்பது உப்பு என்று கண்டு, ஈரக் காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. அலையைத் தடுக்கப் பாறைக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டிருக்கிறார்கள். காரணத்தைக் கண்டார்கள், அதன் வழியை அடைத்தார்கள். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. உள்ளே துருப்பிடித்து உப்பக் கம்பி இல்லை. நம் வீடுகளில் கம்பி இருக்கிறது. அதனால் நமக்கு அந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இந்த மண்ணில் அந்த அறிவுக்கும் பஞ்சமில்லை. 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் பூச்சு முறைகளை உருவாக்கிக் கொடுத்திருக்கிறது. மண்டபம் கடற்கரையில் அரிமானத்தைச் சோதிக்கும் நிலையமும் வைத்திருக்கிறது. கல்பாக்கத்தில் 1971-ல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோக அரிமானம் ஒரு தனித்துறை. அங்கே ஒரு பற்றவைப்பைக்கூடச் சோதித்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்த வேலைக்குப் போவார்கள். அந்த மையத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் மட்டும், மூன்று பேர் வாய்வார்த்தையாகச் சொன்ன மூன்று தொகைகளை வைத்து ஒரு குடும்பம் பூவா தலையா போட வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

இதில் எங்கள் பக்கத்துத் தப்பு பெரியது. அதை மறைத்துவிட்டு உங்களைக் குறை சொல்வது நியாயமாகாது. உங்களை வரச் சொல்கிறோம், வெயிலில் மாடி ஏறவைக்கிறோம், ஒரு டீ கொடுத்து அனுப்புகிறோம். பார்த்துச் சொல்வதற்கு என்று ஒரு ரூபாய் கொடுப்பதில்லை. வேலை கிடைத்தால்தான் உங்களுக்குக் காசு என்றால், நீங்கள் எந்த வேலை செய்கிறீர்களோ அதுதான் உங்கள் யோசனையாகவும் வரும். பூசுகிறவர் பூச்சைச் சொல்வார், கோட்டிங் அடிப்பவர் கோட்டிங்கைச் சொல்வார், கட்டுகிறவர் இடிக்கச் சொல்வார். யோசனைகள் முரண்படுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். இது போதாதென்று, மூன்று கொட்டேஷனில் எது குறைவோ அதைக் கொடுத்தவரையே கூப்பிடுகிறோம். கம்பியைச் சுற்றிக் கொத்தி, துருவைத் தேய்த்து, தடுப்புப் பூச்சு அடித்து, முறையாக நீராற்றுகிறவரின் தொகை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். அவரைத் தோற்கடித்துவிட்டு, பிறகு தரம் போய்விட்டது என்று புலம்புகிறோம்.

அதனால் உங்களிடம் வைக்கும் முதல் வேண்டுகோள் இது: பார்வையிடுவதற்குக் கட்டணம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அரை நாள் நின்று, மாடியையும் சீலிங்கையும் குளியலறையையும் பார்த்து, தட்டி, அளந்து சொல்வது ஒரு வேலை. வேலைக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி கிடைத்துவிட்டால், 'இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த மழை வரை பாருங்கள்' என்றுகூட உங்களால் மனதாரச் சொல்ல முடியும்.

இரண்டாவது: காரணத்தை எழுதிக் கொடுங்கள். ஒரே ஒரு தாள் போதும். எங்கே என்ன பார்த்தீர்கள், எதனால் என்று நினைக்கிறீர்கள், எதைச் சோதித்தீர்கள், எதை இன்னும் சோதிக்க வேண்டும், வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும். இவ்வளவையும் எழுதிய பிறகு, அதற்குக் கீழே விலையை எழுதுங்கள். 'ரிப்பேர் வேலை, லம்ப்சம்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை சதுர அடி கொத்துவீர்கள், எவ்வளவு ஆழம், கம்பிக்குப் பின்னாலும் கொத்துவீர்களா, புதுக் கம்பி சேர்த்தால் எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பொருள், எத்தனை நாள் நீராற்றல் என்று பிரித்து எழுதினால், மூன்று கொட்டேஷன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களால் முடியும். கொத்தக் கொத்தப் பழுது கூடுதலாகத் தெரிவது இயல்பு. அப்படிக் கூடினால் சதுர அடிக்கு என்ன விலை என்பதையும் முன்பே எழுதிவிட்டால், பாதி வேலையில் மனக்கசப்பு வராது.

மூன்றாவது: இன்னொருவர் சொன்னதைக் கேட்டால், 'அவனுக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சொன்ன காரணம் ஏன் பொருந்தாது என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். பொருந்துமானால் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மூன்று பேரையும் அந்த அறையில் ஒன்றாக நிற்கவைக்க வீட்டுக்காரர் கூப்பிட்டால், மறுக்காமல் வாருங்கள். தனித்தனியாக வந்தபோது சேராத மூன்று யோசனைகள், நேருக்கு நேர் பேசும்போது பெரும்பாலும் ஒரே திட்டத்தின் மூன்று கட்டங்களாகிவிடும்: ஈரத்தை நிறுத்துவது, உப்பேறிய கான்கிரீட்டை எடுப்பது, கம்பியின் பலத்தைத் திருப்பிக் கொடுப்பது.

நான்காவது, உயிர் சம்பந்தப்பட்டது. முட்டுக் கொடுக்காமல் சீலிங்கில் உளி வைக்காதீர்கள், சித்தாளை அதன் கீழே நிறுத்தாதீர்கள். ஒழுக்கைக் கண்டுபிடிக்க மொட்டை மாடியில் தண்ணீர் தேக்குவதாக இருந்தாலும் முதலில் கீழே முட்டு நிற்கட்டும். ஒரு சாண் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 200 கிலோ பாரம். உத்தரம், தூண், பால்கனி ஆகியவற்றில் கம்பி தெரிந்தால், அது பூச்சு வேலை என்று சொல்லவே சொல்லாதீர்கள். 'இது என் கைக்கு மீறியது, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லும் மேஸ்திரியின் பெயர்தான் தெருவில் நிலைக்கும்.

வீடு கட்டித் தரும் பணி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. எழுதி வைத்த தாள் எங்களைக் காப்பது போலவே உங்களையும் காக்கும். 'நான் அப்போதே சொன்னேன், இவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்' என்பதற்கு அந்தத் தாளே உங்கள் சாட்சி.

வீட்டுக்காரர்கள் சார்பில் நாங்கள் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பார்வைக் கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுப்போம். சோதனைச் செலவை வீண்செலவு என்று நினைக்க மாட்டோம். தொகை குறைவாக இருப்பதால் மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மாட்டோம்; காரணத்தைத் தெளிவாக எழுதியவரைத் தேர்ந்தெடுப்போம். அணுபுரத்து நண்பர்களே, இந்த வாக்கை உங்கள் சார்பிலும் கொடுக்கிறேன், காப்பாற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால் நம் வட்டாரத்தில் நிறைய வீடுகளில் சாரம் ஏறும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது. இனி வரும் புயல்களுக்கும் இந்தக் கரை புதிதல்ல. மழைக்கு முந்தைய அந்த வேலைகளைத் தொடங்கும் முன், உங்கள் பையில் ரசமட்டத்தோடும் டேப்போடும் ஒரு சிறு சுத்தியல், ஒரு சாக்பீஸ், ஒரு புட்டி பினாஃப்தலீன், ஒரு நோட்டு இவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தட்டிப் பாருங்கள், அளந்து பாருங்கள், காரணத்தை எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள். அதன்பிறகு நீங்கள் சொல்லும் விலையை நாங்கள் நம்பிக் கொடுப்போம்.

அன்புடன்,
கடலோர வீட்டுக்காரர்களில் ஒருவன்,
அணுபுரம்.